பயன்முறை நுண்ணுயிரியல்: படிப்பும் பணியும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தார் முதல் குளிர்காலத்திலேயே கண்டறியும் செய்தி ஒன்று உண்டு. சென்னையில் இரவு அரைத்து வைத்த இட்லி மாவு பொழுது விடியுமுன் பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டுவிடுகிறது. அதே அரிசியும் அதே உளுந்தும் பெங்களூரின் மார்கழி இரவில், விடிந்து வெகுநேரமான பின்பும் அசையாமல் கிடக்கின்றன. விவேக் நகரிலும் அதனையடுத்த ஆஸ்டின் டவுன், ஈஜிபுரம் ஆகிய பகுதிகளிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ் இல்லத்தரசிகள் இதற்குப் பரிகாரம் அறிவர். மாவுப் பாத்திரத்தைப் போர்வையால் சுற்றி வைப்பர். அல்லது அடுப்பின் அருகே வைப்பர்.

மாவைப் பொங்கச் செய்வது லூகனாஸ்டாக் என்னும் பாக்டீரியா இனமாகும். அது வெளியிலிருந்து சேர்க்கப்படுவதன்று. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருப்பது. மாவிலுள்ள சர்க்கரைப் பொருள்களை உண்டு அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. உஷ்ணநிலை குறைந்தால் அதன் வேலை மந்தமாகிறது. இதை உணர்ந்து பாத்திரத்திற்குப் போர்வை சுற்றும் பெண்மணி, நுண்ணுயிர்களுக்கு உகந்த சூழ்நிலையை அமைத்துத் தந்து அவற்றிடம் வேலை வாங்குகிறார். பயன்முறை நுண்ணுயிரியல் என்று சர்வகலாசாலைகளில் கற்பிக்கப்படும் விஞ்ஞானத்தின் சாரமும் இதுவே. அங்கே அளவு பெரிது. காரணங்கள் எண்ணிக்கையாலும் எடையாலும் அறியப்படுகின்றன. தவறு நேர்ந்தால் கெடுவது ஒரு வேளைச் சிற்றுண்டியோடு நின்றுவிடுவதில்லை.

மருந்து, பால்பண்டம், உரம், நொதிப்பொருள் எனப் பல தொழில்கள் இவ்விஞ்ஞானத்தை நம்பியிருக்கின்றன. அவை அனைத்தையும் ஒரு கட்டுரையில் விளக்க முயல்வது மேலோட்டமாகவே முடியும். ஆகவே பெங்களூர் நகருக்கு நெருங்கிய உறவுடைய ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு, அதன் வாயிலாக இக்கல்வியின் இயல்பைக் காண்போம். அவ்வுதாரணம் சாக்கடை நீர்.

மான்செஸ்டரிலிருந்து பெங்களூருக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொழில் நகரங்களின் அசுத்தநீரை என்ன செய்வது என்பது இங்கிலாந்தில் பெரும் பிரச்சினையாக இருந்தது. நிலத்திற் பாய்ச்சுவதும், கற்படுகைகளின் வழியே மெல்லக் கசியவிடுவதும் வழக்கில் இருந்த முறைகள். இரண்டிற்கும் பரந்த இடம் தேவை. மான்செஸ்டர் நகரில் இத்துறையில் உழைத்த ரசாயன அறிஞர் கில்பர்ட் ஃபவுலர் 1912-இல் அமெரிக்காவிலுள்ள லாரன்ஸ் பரிசோதனை நிலையத்திற்குச் சென்றார். அங்கே அசுத்தநீரினுள் காற்றைச் செலுத்திச் செய்யப்பட்ட சோதனைகளைக் கண்டு திரும்பினார். அவர் தூண்டுதலின் பேரில் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்னும் இருவர் சோதனைகளைத் தொடங்கினர்.

அவர்கள் சாக்கடை நீரைப் புட்டிகளில் எடுத்து இடைவிடாது காற்றைச் செலுத்தினர். அந்நீரிலுள்ள அமோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாறுவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்கள் பிடித்தன. இவ்வளவு காலம் பிடிக்கும் முறையால் எந்த நகரத்திற்கும் பயனில்லை. ஆனால் அடியிற் படிந்த சேற்றை அவர்கள் கொட்டிவிடவில்லை. தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, அதே சேற்றின்மீது புதிய சாக்கடை நீரை ஊற்றி மீண்டும் காற்றைச் செலுத்தினர். பலமுறை இவ்வாறு செய்யவே, சேறு பெருகப் பெருகத் தேவையான காலம் குறைந்துகொண்டே வந்து, ஒரு நாளுக்குள் அடங்கிற்று. சேறு எனப்பட்டது உண்மையில் கோடானுகோடி உயிருள்ள பாக்டீரியாக்களின் திரளேயாகும். 1914 ஏப்ரலில் அவர்கள் இதனை வெளியிட்டனர். ‘ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்’, அதாவது ஊக்குவிக்கப்பட்ட சேறு, என்று அவர்கள் இட்ட பெயரால் அம்முறை இன்றும் உலகெங்கும் வழங்குகிறது.

ஃபவுலர் 1916-இல் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்திற்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். 1921-இல் அங்கு உருப்பெற்ற உயிர் ரசாயனத் துறைக்கு அவரே முதல் தலைவர். இவ்வாறாக, சாக்கடை நீரை நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தம் செய்யும் முறைக்கு வித்திட்டவர், அம்முறை பிறந்த இரண்டே ஆண்டுகளில் பெங்களூரில் ஆசிரியராக அமர்ந்தார். பின்னர் 1940-களில் அக்கழகத்தில் நொதித்தல் தொழில்நுட்பத்திற்கென ஒரு பிரிவு தோன்றியது. அதுவே வளர்ந்து நுண்ணுயிரியல், உயிரணு உயிரியல் துறையாயிற்று.

தொட்டியினுள் நடப்பது யாது?

சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டும் தொட்டியில் நான்கு காரியங்களைக் கவனிக்க வேண்டும். உணவு, காற்று, உஷ்ணநிலை, காலம் என்பன அவை. மாணவன் மூன்று ஆண்டுகளில் கற்பவற்றுள் பெரும்பகுதி இந்நான்கின் விரிவே எனலாம்.

பாக்டீரியாவுக்கு உணவு சாக்கடை நீரிலுள்ள அங்ககப் பொருள்களாகும். அவற்றை உண்ணும்போது அவை பிராணவாயுவைச் செலவிடுகின்றன. எவ்வளவு பிராணவாயு செலவாகிறது என்று அளந்தால் நீரின் அசுத்தத்தை மதிப்பிடலாம். மேலைநாட்டு முறைப்படி நீரை 20 டிகிரி சென்டிகிரேடில் ஐந்து நாட்கள் வைத்து இதனை அளப்பர். நம் நாட்டின் உஷ்ணநிலைக்கு அது பொருந்தாமையால், 27 டிகிரியில் மூன்று நாட்கள் வைத்து அளக்கும் முறையை இந்தியத் தர நிர்ணயம் ஏற்றுக்கொண்டது. உஷ்ணம் மிகுந்தால் நுண்ணுயிர்கள் விரைந்து உழைக்கும் என்ற இட்லி மாவின் பாடமே இங்கும் எதிரொலிக்கிறது.

அடுத்தது காற்று. 25 டிகிரி உஷ்ணநிலையில், கடல் மட்டத்தில், ஒரு லிட்டர் தூய நீரில் சுமார் 8 மில்லிகிராம் பிராணவாயுவே கரையும். பெங்களூரோ கடல் மட்டத்திற்குமேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவாதலால் கரையும் பிராணவாயுவும் அதே விகிதத்தில் குறைகிறது. சென்னைக்கு வகுத்த கணக்கை அப்படியே பெங்களூருக்குக் கொள்ளலாகாது. அமோனியாவாக உள்ள நைட்ரஜன் ஒரு கிராம் நைட்ரேட்டாக மாறுவதற்கு நான்கரை கிராம் பிராணவாயு தேவை என்பதையும் சேர்த்து எண்ணினால், ஊதுகருவிகளின் மின்சாரச் செலவு ஏன் அவ்வளவு மிகுதி என்பது விளங்கும்.

காலம் என்பது இன்னும் நுட்பமானது. நம் குடலில் வாழும் பாக்டீரியா உகந்த சூழ்நிலையில் இருபது நிமிஷங்களில் இரண்டாகப் பிரியும். அமோனியாவை நைட்ரேட்டாக்கும் இனங்களோ இரண்டாவதற்குப் பல மணி நேரமோ ஒரு நாளோ எடுத்துக்கொள்ளும். நீர் தொட்டியில் தங்குவது சில மணி நேரமே. நீரோடு பாக்டீரியாவும் வெளியேறிவிட்டால் மெல்லப் பெருகும் இனங்கள் அடியோடு அழிந்துபோகும். ஆகையால் நீரை வெளியேற்றிச் சேற்றை மட்டும் திருப்பிக் கொணர்ந்து, பல நாட்கள் தொட்டியிலேயே தங்க வைக்கின்றனர். ஆர்டனும் லாக்கெட்டும் சேற்றைக் கொட்டாமல் வைத்ததன் சிறப்பு இதில் அடங்கியிருக்கிறது.

பெங்களூரில் கண்ட உண்மை

தொட்டியில் பாக்டீரியா மட்டுமே வாழ்வதில்லை. அவற்றை உண்டு வாழும் புரோட்டோசோவா என்னும் ஓரணு உயிர்களும் உள்ளன. இவற்றின் பங்கு என்ன என்பது வெகுகாலம் தெளிவாகாதிருந்தது. பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் எஸ். சி. பிள்ளையும், பேராசிரியர் வி. சுப்பிரமணியனும் இதனை ஆராய்ந்து 1942-இல் ‘நேச்சர்’ என்னும் புகழ்பெற்ற விஞ்ஞான ஏட்டில் ஒரு குறிப்பு வெளியிட்டனர். நீர் தெளிவடைவதில் புரோட்டோசோவாக்களுக்கு முக்கிய பங்கு உண்டு என்பது அவர்கள் கண்ட முடிவு. 1968-இல் பிரிட்டனில் கர்ட்ஸ் முதலியோர் செய்த சோதனைகளிலும், குற்றிழைகளையுடைய புரோட்டோசோவாக்கள் இல்லாத தொட்டியின் நீர் கலங்கலாகவும், அவை சேர்க்கப்பட்ட தொட்டியின் நீர் தெளிவாகவும் காணப்பட்டன.

சுப்பிரமணியன் இளமையில் இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் நீர் தேங்கிய மண்ணில் நிகழும் உயிர் ரசாயன மாற்றங்களை ஆராய்ந்தவர். பின்னர் சாக்கடைச் சேற்றை ஆராய்ந்தார். 1950-இல் மைசூரில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். நெல்வயல், சாக்கடை, உணவு என்று துறைகள் வேறுபட்டாலும் அடிப்படை அறிவு ஒன்றே என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

ஏரியில் எழுந்த நுரை

இத்தகைய மரபுடைய நகரில், அதே அறிவைப் புறக்கணித்ததன் விளைவையும் காண நேர்ந்தது. விவேக் நகரைச் சுற்றியுள்ள நிலப்பரப்பு கோரமங்கலப் பள்ளத்தாக்கைச் சார்ந்தது. மழைநீருக்கென அமைந்த ராஜகால்வாய்கள் இப்பள்ளத்தாக்கின் நீரைத் தென்கிழக்கேயுள்ள பெல்லந்தூர் ஏரிக்குக் கொண்டு செல்கின்றன. நகரம் பெருகவே, சுத்திகரிக்கப்படாத சாக்கடை நீர் பெருமளவில் இக்கால்வாய்களிற் கலந்து ஏரியை அடைந்தது. 2015-இல் ஏரியின் நுரை சாலையளவு உயர்ந்து பறந்தது. அதன்மீது தீயும் பற்றியது. 2017, 2018 ஆகிய ஆண்டுகளிலும் ஏரிப் பகுதியில் தீ எழுந்தது.

நுரைக்கு முக்கிய காரணம் துணி வெளுக்கும் சலவைத் தூள்களிலுள்ள ரசாயனப் பொருளாகும். இதில் நுண்ணுயிரியல் மாணவன் கற்க வேண்டிய வரலாறு ஒன்று பொதிந்துள்ளது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பரவிய முதல் தலைமுறைச் சலவைப் பொருள்களின் மூலக்கூறுகள் கிளைகள் நிறைந்த சங்கிலியமைப்பு உடையவை. பாக்டீரியாவால் அக்கிளைகளைச் சிதைக்க இயலவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் நுரைத்தன. 1960-களின் நடுவில் ரசாயன அறிஞர்கள், கிளையில்லாத நேர்ச்சங்கிலி மூலக்கூறுகளை உற்பத்திக்குக் கொண்டுவந்தனர். பாக்டீரியா அவற்றை எளிதில் உண்டது, நுரை அடங்கிற்று. நுண்ணுயிரின் இயல்புக்கேற்ப மனிதன் தன் ரசாயனத்தை மாற்றிக்கொண்டான்.

அவ்வாறாயின் பெல்லந்தூரில் நுரை எழுந்தது ஏன்? நேர்ச்சங்கிலியாயினும் அதனைச் சிதைக்கப் பாக்டீரியாவுக்குப் பிராணவாயு வேண்டும். சாக்கடை நிறைந்த ஏரியில் பிராணவாயு அற்றுப்போயிற்று. சிதையாத சலவைப் பொருள் சேற்றோடு ஒட்டி ஏரியின் அடியில் ஆண்டுக்கணக்கில் தங்கியது. பெருமழை பெய்து சேறு கலங்கியபோது அது மேலெழுந்தது. மதகில் நீர் விழுந்து சிதறும் இடத்தில் நுரையாகப் பொங்கியது. இப்பாக்டீரியாக்கள் காற்றூட்டும் தொட்டியில் சில மணி நேரத்தில் முடித்திருக்கக்கூடிய வேலை, காற்றில்லாத ஏரியில் முடிவுறாது நின்றது. விஞ்ஞானம் அறிந்திருந்தது, நீர் அந்த விஞ்ஞானத்தின் வழியே செலுத்தப்படவில்லை.

படிப்பின் அமைப்பு

இனி இக்கல்வியைக் காண்போம். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலும் ரசாயனமும் பயின்றோர் நுண்ணுயிரியலில் இளம் அறிவியல் பட்டப்படிப்பிற் சேரலாம். அது பொதுவாக மூன்றாண்டுக் காலம். முதலாண்டில் நுண்பெருக்கியைக் கையாளுதல், கிருமி நீக்குதல், ஓரினத்தைப் பிரித்து வளர்த்தல் ஆகியவை கற்பிக்கப்படும். பின்னர் உயிர் ரசாயனம், மரபியல், நோயெதிர்ப்பியல் ஆகியன தொடரும். தொழில், உணவு, மண், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நுண்ணுயிரியல் பெரும்பாலும் இறுதியாண்டிலேயே வருகிறது. அதன்பின் இரண்டாண்டு முதுகலைப் படிப்பு உண்டு. விஞ்ஞானக் கழகம் போன்ற இடங்களில் ஆராய்ச்சிப் பட்டத்துடன் இணைந்த படிப்புகளுக்கு அகில இந்திய அளவில் தேர்வு எழுத வேண்டும். விவசாயப் பட்டதாரிகள் விவசாய நுண்ணுயிரியலில் முதுகலை பயிலலாம். 1964-இல் தோன்றிய பெங்களூர் விவசாய விஞ்ஞானப் பல்கலைக் கழகமும், 1971-இல் தோன்றிய கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகமும் இத்துறையில் பெயர்பெற்றவை. பின்னதன் முதல் துணைவேந்தர் ஜி. ரங்கசாமி ஒரு நுண்ணுயிரியல் அறிஞரே.

உயிரியலை விரும்பி வரும் மாணவர் பலர் கணிதத்தைவிட்டு ஓடிவருவோராக இருத்தலைக் காண்கிறோம். இத்துறையில் அவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. எளிய உதாரணம் ஒன்று கூறுவோம். காற்றூட்டும் தொட்டியின் நீரை ஒரு லிட்டர் அளவுக் குழாயில் எடுத்து முப்பது நிமிஷம் அசையாமல் வைக்க வேண்டும். சேறு படிந்து 250 மில்லிலிட்டர் இடத்தைப் பிடித்தது எனக் கொள்வோம். அந்த ஒரு லிட்டரில் உள்ள சேற்றை வடிகட்டி உலர்த்தி நிறுத்தால் 2½ கிராம் இருந்தது. எனவே ஒரு கிராம் சேறு 100 மில்லிலிட்டர் இடத்தை அடைக்கிறது. இது நல்ல நிலை. இவ்வெண் 150-ஐத் தாண்டினால் சேறு பஞ்சுபோல் உப்பிப் படியாது மிதக்கிறது என்று பொருள். நூலிழை போன்ற பாக்டீரியா இனங்கள் மிகுந்துவிட்டன என்று ஐயுற வேண்டும். காற்றுக் குறைவோ உணவுப் பற்றாக்குறையோ அதற்குக் காரணமாகலாம்.

அதே நீரில் ஒரு துளியை நுண்பெருக்கியின் கீழ் வைத்தால், காம்பின்மேல் மணி கவிழ்ந்தது போன்ற வார்ட்டிசெல்லா என்னும் புரோட்டோசோவாவைக் காணலாம். காம்புடைய இவ்வுயிர்கள் மிகுந்திருந்தால் தொட்டி நலமாக உள்ளது. அவை மறைந்து, வேறு சிற்றுயிர்கள் விரைந்து நீந்தினால் ஏதோ கோளாறு நேர்ந்துள்ளது. அளவுக் குழாய், தராசு, நுண்பெருக்கி ஆகிய மூன்றைக் கொண்டு நகரத்தின் சாக்கடையினது நலத்தை ஒரு மணி நேரத்தில் ஓரளவு கூறிவிடலாம். ஆயினும் காண்பதைக் கணக்கிட்டுப் பொருள் கொள்ளும் பயிற்சி இல்லாதார்க்கு இம்மூன்றும் பயன்படா.

கல்லூரியைத் தெரிந்தெடுத்தல்

பெயர்ப்பலகையில் நுண்ணுயிரியல் என்று எழுதிய கல்லூரிகள் இன்று நிறைய உள்ளன. அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்குமுன் மாணவரும் பெற்றோரும் சில கேள்விகளைக் கேட்பது நலம். மாணவன் தானே சோதனை செய்கிறானா, அல்லது ஆசிரியர் செய்வதைப் பார்த்து எழுதிக்கொள்கிறானா? சில லிட்டர் கொள்ளும் நொதிக்கலனேனும் சோதனைச்சாலையில் உள்ளதா, அது இயங்குகிறதா? பால்பண்ணை, சுத்திகரிப்பு நிலையம், மருந்துத் தொழிற்சாலை ஆகியவற்றில் சில வாரங்களாவது பயிற்சி உண்டா? புள்ளியியல் கற்பிக்கப்படுகிறதா? சோதனைக் குழாயில் ஓரினத்தைத் தனியே வளர்த்தால் அது சொன்னபடி கேட்கும். தொட்டியிலோ நூற்றுக்கணக்கான இனங்கள் ஒன்றையொன்று உண்டும் நெருக்கியும் வாழ்கின்றன. நேற்றுப் பெய்த மழையும், நள்ளிரவில் ஏதோ ஒரு பட்டறை கால்வாயில் விட்ட அமிலமும் அவற்றை நிலைகுலையச் செய்யும். அங்கே சென்று கற்காதவனுக்குப் பட்டம் கிட்டும், தொழில் கைவராது.

பாதுகாப்பும் இக்கல்வியின் பகுதியே. சாக்கடை நீரில் காலரா, டைபாய்டு, மஞ்சட்காமாலை ஆகியவற்றின் கிருமிகள் இருக்கக்கூடும். கையுறையின்றி மாதிரி எடுப்பதும், சோதனைச்சாலையில் உணவு உண்பதும் முதல் நாளிலேயே விலக்கப்பட வேண்டிய வழக்கங்கள்.

கோலாரின் ஏரிகள்

பெங்களூரின் கிழக்கேயுள்ள கோலார் மாவட்டம் நிரந்தர ஆறுகள் இல்லாத வறண்ட பூமி. அங்குள்ள நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளுக்கு, கோரமங்கல-சல்லகட்டப் பள்ளத்தாக்கில் சுத்திகரிக்கப்பட்ட நீரை நாளொன்றுக்கு 440 மில்லியன் லிட்டர் அளவில் அனுப்புவதற்கு வகுக்கப்பட்ட திட்டம் 2018 ஜூன் மாதத்தில் செயல்படத் தொடங்கியது. நிலத்தடி நீரை உயர்த்துவதே அதன் நோக்கம். அடுத்த மாதமே அங்கும் நுரை தோன்றியது. வழக்கு உயர் நீதிமன்றத்திற்கும் பின்னர் உச்ச நீதிமன்றத்திற்கும் சென்றது. 2019-இல் தடை நீங்கி நீர் தொடர்ந்து சென்றது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பே போதுமா, மூன்றாம் நிலையும் வேண்டுமா என்பது அவ்வழக்கின் உள்ளே இருந்த விஞ்ஞானக் கேள்வி.

இதனை உற்று நோக்குவோமாயின், விவேக் நகரின் ஒரு வீட்டுச் சமையலறையில் இட்லிப் பாத்திரம் கழுவிய நீருக்கும், கோலாரில் ஒரு விவசாயியின் கிணற்றில் ஊறும் நீருக்கும் இடையே நிற்பது பாக்டீரியாக்கள் நிறைந்த ஒரு தொட்டி என்பது புலப்படும். அத்தொட்டியில் ஒரு வாரம் காற்றுக் குறைந்தாலும், சேறு உப்பி வழிந்தாலும், அதன் பலனை அனுபவிப்பவன் அத்தொட்டியைக் கண்டிராத அவ்விவசாயியே. காலையில் அளவுக் குழாயை நிரப்பி, முப்பது நிமிஷம் காத்திருந்து, படிந்த சேற்றின் அளவைப் பொய்யின்றிக் குறித்து வைக்கும் ஓர் இளைஞனோ பெண்ணோ அந்நிலையத்தில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே அவன் கிணறு அமையும். பயன்முறை நுண்ணுயிரியலைப் பயில விரும்புவோர் தம் படிப்பின் பயனை அக்கிணற்றை வைத்து அளந்து பார்ப்பார்களாக.